எட்டு மணி நேரமும் ஏணிப்படியும்

(மே நாளையொட்டி நம் சங்கக் கூடத்தில் நடந்த குடும்பக் கூட்டத்தில், ஓய்வு பெற்ற ரயில்வே தொழிலாளியான மூத்த உறுப்பினர் ஒருவர் ஆற்றிய உரை. பேச்சு நடை கூடியவரை அப்படியே வைக்கப்பட்டிருக்கிறது.)



மே நாள் என்றால் மேடை ஏறியதும் சிகாகோவுக்குப் போய்விடுவது நம் பேச்சாளர்களின் வழக்கம். நானும் போவேன். ஆனால் தாராவி வழியாகப் போகிறேன். கொஞ்சம் சுற்று வழிதான், பொறுத்துக்கொள்ளுங்கள். (சிரிப்பு)

போன மாதம் ஒரு தம்பி என் வீட்டுக்கு வந்தார். அவருடைய அனுமதியோடுதான் சொல்கிறேன், பெயர் வேண்டாம். தகப்பனார் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து தாராவித் தோல் கிடங்கில் உப்புத் தோலோடு உழன்றவர். மகன் ஐ.டி.ஐ. படித்து ரயில்வேயில் டெக்னீஷியன் ஆனார். வயது 36. இரவு பாடம் படித்து, இலாகா பரீட்சை எழுதி, ஜே.இ. என்று நாம் சொல்கிற இளநிலைப் பொறியாளர் பதவிக்குத் தேர்வாகிவிட்டார். வாழ்த்துச் சொல்லலாம் என்று நான் வாயைத் திறப்பதற்குள் அவர் சொன்னார்: "அண்ணாச்சி, வேண்டாம்னு எழுதிக் கொடுத்திரலாம்னு பாக்கேன்."

பதவி கிடைத்தது புசாவலில். மும்பையிலிருந்து 440 கிலோமீட்டர். அவருடைய மனைவி இங்கே மாநகராட்சி மருத்துவமனையில் நர்ஸ், மூன்று ஷிப்ட் வேலை. அம்மாவுக்கு ஒரு பக்கம் கைகால் விழுந்து இரண்டு வருடம் ஆகிறது. மகள் மூன்றாம் வகுப்பு. மனைவிக்குச் சாயங்கால ஷிப்ட் என்றால் பள்ளியிலிருந்து பிள்ளையைக் கூட்டி வருவதும், அம்மாவைத் தூக்கி உட்கார வைப்பதும், கஞ்சி கொடுப்பதும் இவர்தான். பணிமனைச் சங்கு ஊதினால் அடுத்த வண்டியைப் பிடித்து வீட்டுக்கு வந்துவிட முடிகிறது என்பதால்தான் அந்தக் குடும்பம் நடக்கிறது.

கையில் ஒரு தாள் வைத்திருந்தார். கணக்குப் போட்டிருந்தார். நம் வீடுகளில் இந்தக் கணக்கை யாரும் உட்கார்ந்து போடுவதில்லை, அதனால் சொல்கிறேன். ஏழாவது சம்பளக் கமிஷன் அட்டவணைப்படி அவர் ஐந்தாம் நிலையில், அடிப்படைச் சம்பளம் 39,200 ரூபாய். ஜே.இ. ஆனால் ஆறாம் நிலை, 41,100. ஏற்றம் 1,900 ரூபாய். சரி. இப்போது மறுபக்கம் பாருங்கள். பஞ்சப்படி 50 சதவீதத்தை எட்டியபோது, 2024 ஜனவரி முதல், மும்பையில் வீட்டு வாடகைப்படி 30 சதவீதம் ஆயிற்று. அவருக்கு அது 11,760. புசாவல் போன்ற ஊருக்கு 10 சதவீதம், அதாவது 4,110. அங்கே குவார்ட்டர்ஸ் கொடுத்தால் அதுவும் இல்லை. போக்குவரத்துப்படி இங்கே 3,600, அங்கே அதில் பாதி. எல்லாவற்றையும் கூட்டிக் கழித்தால், பதவி உயர்ந்த மாதத்தில் கைக்கு வருவது ஏழாயிரத்து ஐந்நூறு ரூபாய்க்கு மேல் குறைகிறது. அதோடு இரண்டு இடத்தில் அடுப்பு. இங்கே அம்மாவுக்கு ஆள் வைத்தால் அதற்கு ஒரு சம்பளம்.

"மேலே ஏறினா கையில குறையுது அண்ணாச்சி, இது என்ன ஏணி?" என்று கேட்டார்.

அவர் கேட்டது நியாயமான கேள்வி. ஆனால் அந்தத் தாளில் அவர் எழுதாத வரிகளும் இருந்தன. ஜே.இ.யிலிருந்து அடுத்த படி ஏழாம் நிலை, அங்கே தொடக்கமே 44,900. இவருக்கு இன்னும் 24 வருட சர்வீஸ் இருக்கிறது. 2004 ஜனவரி முதல் தேதிக்குப் பிறகு சேர்ந்தவர் என்பதால் என்னைப் போன்றோர் வாங்கும் பழைய பென்ஷன் கிடையாது. 2025 ஏப்ரலில் வந்த ஒருங்கிணைந்த ஓய்வூதியத் திட்டத்துக்கு மாறியவர்களுக்கு, 25 வருடம் பணி முடித்திருந்தால், கடைசிப் பன்னிரண்டு மாத அடிப்படைச் சம்பளச் சராசரியில் பாதி பென்ஷன். அப்படியானால் கடைசியில் எந்தப் படியில் நிற்கிறோம் என்பது வயதான காலத்துச் சோறு. இன்றைக்கு ஏழாயிரம் குறைகிறது என்பதும் உண்மை, அறுபது வயதுக்குப் பிறகு அது வேறு விதமாகத் திரும்பி வரும் என்பதும் உண்மை.

இன்னொன்று. பரீட்சைக்கே விண்ணப்பிக்காமல் இருப்பது வேறு. தேர்வாகி ஆணை வந்த பிறகு வேண்டாம் என்று எழுதிக் கொடுப்பது வேறு. பதவி உயர்வை மறுத்தால் ஒரு வருடத்துக்கு மறுபடி கொடுக்க மாட்டார்கள். அது மட்டும் என்றால் பரவாயில்லை. எம்.ஏ.சி.பி. என்று 2008 செப்டம்பரிலிருந்து ஒரு ஏற்பாடு இருக்கிறது. பதவி உயர்வு கிடைக்காமல் தேங்கிப் போனவருக்கு 10, 20, 30 வருடங்களில் அடுத்த நிலைச் சம்பளம் கொடுப்பது. கொடுத்த உயர்வை மறுத்தவன் தேங்கிப் போனவன் அல்ல என்பது அதன் விதி. அந்த ஏற்றமும் கையை விட்டுப் போகும், அல்லது தள்ளிப் போகும். இது தெரியாமல் கையெழுத்துப் போட்டுவிட்டுப் பிறகு யூனியன் ஆபீஸ் வாசலில் நின்றவர்களை நான் பார்த்திருக்கிறேன். தம்பிமார்களே, எதையும் எழுதிக் கொடுக்கும் முன் விதியைப் படித்துவிட்டு எழுதுங்கள்.

அவர் வந்து போனபின் நான் நம் ஆட்கள் சிலரிடம் பெயர் சொல்லாமல் கேட்டுப் பார்த்தேன். இரண்டு கட்சியாகப் பிரிந்தார்கள். ஒரு கட்சி, "வந்த லட்சுமியைக் காலால் தள்ளுகிறானே, பிழைக்கத் தெரியாதவன்" என்றது. இன்னொரு கட்சி, "சர்க்கார் வேலை, எட்டு மணி நேரம், வருடத்துக்கு முப்பது நாள் சம்பள லீவு, ஊருக்குப் போக பாஸ், காய்ச்சல் என்றால் ரயில்வே ஆஸ்பத்திரி, இருக்கிற சுகத்தை விட்டுவிட்டு எதுக்குல அலையணும்?" என்றது.

அந்தச் 'சுகம்' என்ற சொல்லில்தான் எனக்கு வழக்கு. அது சுகம் அல்ல, ஐயா. அது கூலி. நோட்டாகக் கொடுக்கப்படாமல் நேரமாகக் கொடுக்கப்பட்ட கூலி. அதையும் யாரும் தாமாக எடுத்து நீட்டவில்லை.

1853இல் போரிபந்தரிலிருந்து தானாவுக்கு முதல் பயணிகள் வண்டி ஓடியபோது தொழிலாளிக்கு மணிக்கணக்கு ஏது? 1886இல் சிகாகோவில் எட்டு மணி நேரம் கேட்டுச் செத்தார்கள். 1922இல் இந்தியத் தொழிற்சாலைச் சட்டம் வாரத்துக்கு 60 மணி நேரம் என்றது. 1934இல் 54. அண்ணல் அம்பேத்கர் வைசிராய் நிர்வாக சபையில் தொழிலாளர் துறையைக் கையில் வைத்திருந்த அந்த நான்கு வருடங்களின் முடிவில், 1946இல், அது 48 ஆயிற்று. அறுபதிலிருந்து நாற்பத்தெட்டுக்கு இறங்கிவர இருபத்து நான்கு வருடம். இதற்கிடையில் நம் தமிழ் மண்ணில் என்ன நடந்தது? 1923இல் சென்னைக் கடற்கரையில் சிங்காரவேலர் மே நாள் கொடி ஏற்றினார். 1928இல் தென்னிந்திய ரயில்வே வேலைநிறுத்தம். அதற்காக அதே சிங்காரவேலர் முதிய வயதில் சிறை போனார். 1946 செப்டம்பர் 5இல் பொன்மலையில் துப்பாக்கிச் சூடு, ஐந்து தொழிலாளர்கள் விழுந்தார்கள். நம்மில் பலர் பொன்மலையைத் தாண்டி ஊருக்குப் போகிறோம், ஜன்னல் வழியாகப் பார்த்தால் ஒரு பணிமனை தெரிகிறது, அவ்வளவுதான்.

ரயில்வேக்காரர்களின் வேலை நேரத்துக்கு 1947இல் நீதிபதி ராஜாத்யக்ஷாவின் தீர்ப்பு வந்தது. ஆனாலும் எஞ்சின் ஓட்டுகிறவனுக்கு எட்டு மணி நேரம் என்பது கைக்கு எட்டவில்லை. 1974 மே 8இல் தொடங்கிய பெரிய வேலைநிறுத்தத்தின் கோரிக்கைகளில் அதுவும் ஒன்று. பதினேழு லட்சம் பேர் வேலை செய்த இலாகா. தலைவர் ஜார்ஜ் பெர்னாண்டஸை மே 2ஆம் தேதியே பிடித்து உள்ளே போட்டார்கள். ஆயிரக்கணக்கானோர் கைது, ஆயிரக்கணக்கானோருக்கு வேலை போயிற்று, குவார்ட்டர்ஸிலிருந்து பெண்டு பிள்ளைகளைச் சட்டி பானையோடு தெருவில் இறக்கிவிட்டார்கள். இருபது நாளில் வேலைநிறுத்தம் வாபஸ் ஆனது, தோற்றுவிட்டது என்று பத்திரிகைகள் எழுதின. 1977இல் ஆட்சி மாறி வேலை இழந்தவர்களைத் திரும்ப எடுத்தார்கள், 1979இல் போனஸும் வந்தது. ஒவ்வொரு வருடமும் தசரா நேரத்தில் வருகிற அந்த போனஸில் பிள்ளைக்குப் புதுச் சட்டை எடுக்கும்போது இதை ஒரு நிமிடம் நினைத்துக்கொள்ளலாம்.

இன்னும் எல்லோருக்கும் எட்டு மணி நேரம் கிடைத்துவிட்டது என்று நினைத்துவிடாதீர்கள். ரயில்வேயில் வேலையை வகை பிரித்திருக்கிறார்கள். 'இடைவிட்டு நடக்கும் வேலை' என்று ஒரு வகை. வண்டி வரும்போது மட்டும்தானே வேலை, நடுவில் சும்மா இருக்கிறாயே என்ற கணக்கு. லெவல் கிராஸிங் கேட்டில் நிற்பவர் பலர் இந்த வகை. அதில் ஒரு வேடிக்கை கேளுங்கள். வேலையிடத்திலிருந்து அரை கிலோமீட்டருக்குள் குவார்ட்டர்ஸ் கொடுக்கப்பட்டிருந்தால் வாரத்துக்கு 72 மணி நேரம் வேலை வாங்கலாம். தொலைவில் இருந்தால் 60. வீடு பக்கத்தில் கொடுத்ததற்கு வாரத்தில் பன்னிரண்டு மணி நேரம் வாடகை! அதேபோல மேற்பார்வைப் பதவிகளை வேலை நேர விதிகளுக்கு வெளியே வைக்கவும் 1989ஆம் வருட ரயில்வே சட்டத்தில் இடம் இருக்கிறது. அந்த வகையில் வைக்கப்பட்டவருக்கு ஓவர்டைம் கேட்க வழியில்லை. நம் தம்பி ஏறப் போகும் படி அந்தப் பக்கம் போகும் படி. இதையும் அவர் தாளில் எழுதச் சொன்னேன்.

இப்போது என் பக்கக் கணக்கைச் சொல்கிறேன். நானும் ஒரு காலத்தில் இதே இடத்தில் நின்றவன். 1991இல் மேற்பார்வையாளர் பரீட்சைக்கு விண்ணப்பம் வந்தது. எழுதினால் தேறியிருப்பேனா தெரியாது, தேறினால் வெளியூர் என்பது தெரியும். எழுதவில்லை. பயம் என்று சிலர் சொன்னார்கள். கொஞ்சம் பயமும் உண்டு. ஆங்கிலத்தில் ரிப்போர்ட் எழுத வேண்டுமே என்ற பயம். ஆனால் முக்கியக் காரணம் சாயங்காலம். ஆறு மணிக்கு நான் தாராவியில் இருப்பேன். ஏழு மணிக்கு இந்தச் சங்கத்தின் பழைய கூடத்தில், தகரக் கூரைக்குக் கீழே, இருபது பிள்ளைகளுக்குத் தமிழ் எழுத்துச் சொல்லிக்கொடுப்பேன். இந்தச் சங்கத்தை யார் கட்டினார்கள் என்று நினைக்கிறீர்கள்? நன்கொடைப் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு வீடு வீடாக ஏறி இறங்கியவர்கள் யார்? ரேஷன் கார்டுக்கு மனு எழுதியவர்கள், ஊரில் சாவு என்றால் டிக்கெட்டுக்கு ஓடியவர்கள், 1992 டிசம்பரிலும் அடுத்த ஜனவரியிலும் இந்த ஊர் எரிந்தபோது சந்து முனையில் இரவு முழுக்க விழித்திருந்தவர்கள் யார்? ரயில்வேக்காரன், மில்காரன், துறைமுகத்துக்காரன், மாநகராட்சிக்காரன். சங்கு ஊதினால் வீட்டுக்கு வந்தவர்கள். எட்டு மணி நேரத்துக்குப் பிறகு ஒரு சாயங்காலம் வைத்திருந்தவர்கள். இன்றைக்கு நம் செயற்குழுவில் நாற்பது வயதுக்குக் கீழே எத்தனை பேர் என்று பாருங்கள். இளைஞர்களுக்குப் பற்று இல்லை என்று தலைவர் வருத்தப்படுகிறார். பற்று இல்லாமல் இல்லை தலைவர் அவர்களே, அவர்கள் கையில் சாயங்காலம் இல்லை.

ஆகவே நான் தேர்ந்தது சரி என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு இத்தனை வருடம் பேசி வந்தேன். எனக்குக் கீழே வேலை கற்றவர் எனக்கே மேலதிகாரியாக வந்து உட்கார்ந்தபோதும், "நமக்கு வேறு வேலை இருக்கிறது" என்று நினைத்துக்கொண்டேன். கஷ்டமாக இல்லையா என்றால், இருந்தது. டீ குடிக்கும் இடத்தில் அவர் வந்தால் எழுந்து நிற்பதா வேண்டாமா என்று முதல் ஒரு மாதம் எனக்கும் புரியவில்லை, அவருக்கும் புரியவில்லை.

ஆனால் இந்தக் கூட்டத்தில் பேசப் போகிறேன் என்று வீட்டில் சொன்னதும் என் மனைவி ஒரு கேள்வி கேட்டாள். "அந்தச் சாயங்காலம் எல்லாம் உங்களுக்கு எங்கேருந்து வந்துச்சு?" என்றாள். எட்டு மணி நேரச் சட்டத்திலிருந்து என்றேன். "இல்ல. எங்கிட்டயிருந்து வந்துச்சு" என்றாள்.

(கைதட்டல் - பெண்கள் பக்கத்திலிருந்து)

கைதட்டுங்கள், நியாயம்தான். அன்றைக்குப் பொதுக் குழாயில் விடியற்காலை நாலு மணிக்குத் தண்ணீர் வரும். வரிசையில் நின்றவள் அவள். மூன்று பிள்ளைகளைக் குளிப்பாட்டி, எனக்கு டப்பா கட்டி, பகலில் அப்பளம் உருட்டி, இரவில் நான் சங்கத்திலிருந்து பத்து மணிக்கு வந்தால் சோற்றைச் சூடு பண்ணியவள் அவள். எனக்கு எட்டு மணி நேர வேலை, அவளுக்குப் பதினெட்டு. சங்கக் கூடத்துச் சுவரில் கல்வெட்டு இருக்கிறது, உழைத்தவர்கள் பெயர் பத்தொன்பது. நேற்று போய் எண்ணிப் பார்த்தேன். ஒரு பெண் பெயர் இல்லை.

வேலைக்கும் வாழ்வுக்கும் சமன்பாடு வேண்டும் என்று இப்போது பத்திரிகைகளில் எழுதுகிறார்கள். நல்லது. யாருடைய வாழ்வு என்று கேட்டுவிட்டுப் பேச வேண்டும். வேலை நேரம் குறைந்த ஆண் வீட்டுக்கு வந்து திண்ணையில் உட்கார்ந்துவிட்டால், அந்த நேரத்துக்காகச் சிறை போனவர்களுக்கு அது மரியாதை இல்லை. நம் தம்பி அந்த வகையில் என்னைவிட மேலான ஆள். தன் அம்மாவுக்குத் தானே கஞ்சி கொடுக்கிறார். அதனால்தான் அவர் கேள்வி எனக்குக் கனமாகப் பட்டது.

அப்படியானால் போக வேண்டாம் என்று சொல்லிவிட வேண்டியதுதானே? அங்கேதான் எனக்கும் நாக்கு எழவில்லை.

அந்த நாற்காலியைப் பற்றிக் கொஞ்சம் யோசிப்போம். தாழ்த்தப்பட்ட மக்களுக்கும் பழங்குடியினருக்கும் பதவி உயர்விலும் இட ஒதுக்கீடு உண்டு என்று 1995இல் அரசியல் சட்டத்தை 77ஆவது முறையாகத் திருத்தி 16(4A) என்ற பிரிவைச் சேர்த்தார்கள். 1992இல் மண்டல் வழக்கில் வந்த தீர்ப்பு அந்த வழியை அடைக்கப் பார்த்தது, அதனால் திருத்த வேண்டியிருந்தது. அந்த வழியில் கிடைத்த இடம் இது. ஒரு டெக்னீஷியன் எந்த இடத்தில் எந்த வேலைக்குப் போகிறான், யாருக்கு லீவு, யாருடைய ரிப்போர்ட்டில் என்ன எழுதுவது, விபத்து நடந்தால் முதல் வாக்குமூலத்தில் யார் மேல் பழி விழுவது, இதெல்லாம் அந்த நாற்காலியில் உட்கார்ந்தவர் கையில் தொடங்குகிறது. நம் பிள்ளைகள் ஒவ்வொருவரும் வீட்டுக் கஷ்டத்தை நினைத்து அடுத்த படியை விட்டுக்கொடுத்தால், தனித்தனியாக ஒவ்வொருவரும் சரியாகத்தான் செய்திருப்பார்கள். ஆனால் ஐம்பது வருடம் கழித்துப் பார்த்தால் நாம் கீழ்ப்படியிலேயே நிற்போம். 1991இல் நான் விட்டுக்கொடுத்தபோது இதை நினைக்கவில்லை. நினைத்திருக்க வேண்டும்.

இந்த இடத்தில் தனியார் பக்கம் வேலை பார்க்கும் தம்பிகள் சிலர் உள்ளுக்குள் சிரிப்பது எனக்குத் தெரிகிறது. "இவங்களுக்கு இதெல்லாம் ஒரு பிரச்சினையா?" என்று. நியாயம். இந்தத் தம்பியோடு படித்த ஒருவர் நவி மும்பையில் கணினி அலுவலகத்தில் வேலை பார்க்கிறார். சம்பளம் இவரைவிட மிக அதிகம். ஏணி உயரம், ஆனால் இரவு பதினொரு மணிக்கு வீட்டுக்கு வருகிறார், பிள்ளை தூங்கி விழிப்பதற்குள் கிளம்புகிறார். 2023 அக்டோபரில் இன்போசிஸ் நாராயண மூர்த்தி இளைஞர்கள் வாரத்துக்கு 70 மணி நேரம் உழைக்க வேண்டும் என்றார். 2025 ஜனவரியில் நம் தமிழர் ஒருவர், லார்சன் அண்ட் டூப்ரோவின் தலைவர், 90 என்றார். வீட்டில் உட்கார்ந்து மனைவி முகத்தை எவ்வளவு நேரம் பார்ப்பீர்கள் என்ற பொருளிலும் பேசினார். ஏலத்தில் கேட்பதுபோல ஏறுகிறது. அவர்கள் வீட்டில் தண்ணீர் பிடிக்கவும் தாயைத் தூக்கி உட்கார வைக்கவும் சம்பளத்துக்கு ஆள் இருக்கிறது. அந்த ஆள் ஒருவேளை நம் தெருவிலிருந்து போகிறவராக இருக்கலாம்.

இதற்கும் கீழே இருப்பவர்களையும் மறந்துவிடக் கூடாது. அதே ரயில்வே ஸ்டேஷனைக் கூட்டிப் பெருக்கும் ஒப்பந்தத் தொழிலாளிக்கு ஏணியும் இல்லை, மணிக்கணக்கும் இல்லை. ஒப்பந்தக்காரர் மாறினால் அவர் சர்வீஸ் முதலிலிருந்து ஆரம்பம். நிரந்தர இடங்களை நிரப்பாமல் வேலையை ஒப்பந்தத்துக்கு விட விட, மேலே ஏறுவதற்கான இடங்களும் குறைகின்றன. இங்கே வளர்ச்சி இல்லை, அதற்குப் பதிலாக நேரம் இருக்கிறது என்று சொல்வதை ஏதோ நியாயமான பண்டமாற்று போல நாம் ஒப்புக்கொண்டுவிட்டோம். யார் போட்ட ஒப்பந்தம் அது? நேரம் போராடி வாங்கியது. படிகள் குறைந்தது ஆட்குறைப்பினால். ஒன்றுக்கு மற்றது விலை அல்ல. மும்பையில் வேலை இருந்தும் புசாவலுக்கு ஏன் அனுப்புகிறார்கள், நோயாளித் தாய் இருப்பவருக்கு முதல் போஸ்டிங் இங்கேயே கொடுத்தால் என்ன என்று கேட்பது யூனியனின் வேலை. சொந்த விருப்பத்தில் வேறு டிவிஷனுக்கு மாற்றல் கேட்டால் சீனியாரிட்டியில் கடைசிக்குப் போக வேண்டும் என்ற விதியை இன்னும் எத்தனை காலம் வைத்திருப்பது என்று கேட்பதும்தான்.

கையில் இருக்கிற மணி நேரமும் நிலையானது என்று நினைக்க வேண்டாம். 2023 ஏப்ரலில் தமிழ்நாட்டுச் சட்டசபையிலேயே 12 மணி நேர வேலைக்கு வழிவிடும் திருத்தம் நிறைவேறியது. யார் ஆட்சி என்று பாராமல் தொழிற்சங்கங்கள் எழுந்தன, கூட்டணிக் கட்சிகளும் எதிர்த்தன. மே நாளன்று முதலமைச்சர் அது திரும்பப் பெறப்படுகிறது என்றார். இங்கே மகாராஷ்டிரத்தில் 2025 செப்டம்பரில் தொழிற்சாலைகளில் ஒரு நாள் வேலை 9 மணியிலிருந்து 12 வரை போகலாம் என்று அமைச்சரவை ஒப்புதல் கொடுத்தது. வாரத்துக்கு 48 அப்படியே இருக்கிறது, அதற்கு மேல் ஓவர்டைம் என்கிறார்கள். கல்யாணிலிருந்தும் அம்பர்நாத்திலிருந்தும் வருகிறவர்களைக் கேட்கிறேன்: 12 மணி நேர வேலை, லோக்கல் வண்டியில் போக வர மூன்று மணி நேரம், மீதி ஒன்பதில் தூக்கம் எவ்வளவு, பிள்ளை எவ்வளவு?

சரி, அந்தத் தம்பிக்கு நான் என்ன சொன்னேன்? போ என்றும் சொல்லவில்லை, போகாதே என்றும் சொல்லவில்லை. "உன் வீட்டுக்காரி என்ன சொல்றா?" என்று கேட்டேன். அவர் கேட்கவே இல்லையாம். கஷ்டப்படுத்தக் கூடாது என்று தானே முடிவு பண்ணிவிட்டாராம். அடுத்த ஞாயிறு இருவரும் வந்தார்கள். அந்தப் பெண் சொன்னது: "போகட்டும் பெரியப்பா. இப்ப போகலேன்னா, நாளைக்கு ஒவ்வொரு சண்டையிலயும் ஒனக்காகத்தான் விட்டேன்னு சொல்லுவாக. அதை என்னால ஆயுசுக்கும் கேக்க முடியாது. ஆனா எனக்குச் சாயங்கால ஷிப்ட் வாரத்துல ரெண்டு நாள் வரும். அந்த ரெண்டு நாளைக்கு அத்தையைப் பாத்துக்க ஆள் வேணும். அதுக்கு வழி சொல்லுங்க. அறிவுரை வேண்டாம்."

அறிவுரை தவிர வேறு எதுவும் கையில் இல்லாமல் எத்தனை வருடம் இந்த மேடையில் பேசியிருக்கிறேன் என்று அப்போதுதான் எனக்குப் பட்டது.

செயற்குழுவில் வைத்தேன். முதலில் இது குடும்ப விஷயம், சங்கத்தில் எப்படி என்றார்கள். கடைசியில் மாதர் பிரிவுத் தோழியர் இரண்டு பேர் செவ்வாய்க்கிழமையை எடுத்துக்கொண்டார்கள். வெள்ளிக்கிழமைக்கு இன்னும் ஆள் வேண்டும். மாலை மூன்று மணி முதல் ஒன்பது வரை. பிள்ளையைப் பள்ளியிலிருந்து கூட்டி வர வேண்டும், அம்மாவுக்குக் கஞ்சி கொடுக்க வேண்டும், ஒரு முறை எழுப்பி உட்கார வைக்க வேண்டும். இந்த வேலைக்குப் பெண்கள்தான் வர வேண்டும் என்று விதி எதுவும் இல்லை. முதல் வெள்ளிக்கிழமை நான் போகிறேன். கஞ்சி வைக்க என் மனைவி கற்றுக்கொடுத்துக்கொண்டிருக்கிறாள். (சிரிப்பு)

தம்பி வருகிற பத்தாம் தேதிக்குள் பதில் எழுத வேண்டும். அதற்குள் அந்தப் பட்டியல் நிரம்புகிறதா என்று பார்த்துவிட்டு எழுதுகிறேன் என்று சொல்லியிருக்கிறார். வாசல் பக்கத்து மேசையில் நோட்டு இருக்கிறது, பேனாவும் கட்டித் தொங்கவிட்டிருக்கிறது. அதே நோட்டின் பின்பக்கத்தில் இலாகா பரீட்சைக்குப் படிக்க விரும்பும் பிள்ளைகள் பெயர் எழுதலாம். சனிக்கிழமை மாலை இங்கேயே வகுப்பு, ஆங்கிலத்தில் ரிப்போர்ட் எழுதவும் பழக்குவோம். டீ தயாராகிவிட்டது என்கிறார்கள்.